மருமகளின் பூட்ஸ்

"இது என்ன, யானைக்குத் தைச்சதா?" என்றாள் மாமியார்.

மருமகள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை தோழிகளோடு பைக்கில் மலைப்பாதையில் நீண்ட பயணம். அதற்கு பூட்ஸ் வாங்க வந்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் வந்தது பூட்ஸுக்காக இல்லை. பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி தயாராகும்வரை உட்கார அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

"தண்ணி உள்ளே போகக் கூடாதுன்னா இது மேடம். ஆனா வெயில்ல கால் வெந்துடும்," என்றார் கடைக்காரர். "காத்தோட்டமா வேணும்னா இது. மழை வந்தா தொப்பலா நனைஞ்சிடும்."

"ரெண்டுக்கும் தாங்கணும்னா?"

"அதுக்கு இது இருக்கு. கொஞ்சம் கனம்."

"உயரமானது நல்லதா, குட்டையானது நல்லதா?"

"உயரமா இருந்தா கணுக்காலுக்குப் பாதுகாப்பு. நடக்கத்தான் சிரமம். குட்டையா இருந்தா நல்லா நடக்கலாம். விழுந்தா கணுக்கால் போச்சு."

"மெத்துனு, நாள்பட உழைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

"மெத்துனு இருக்கிறது உழைக்காது மேடம். உழைக்கிறது மெத்துனு இருக்காது. முதல்ல நல்லாக் கடிக்கும். போடப் போடத்தான் பழகும்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் மாமியார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றாக மாட்டி, கடைக்குள் நடந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். குழப்பம் தீரவில்லை, கால்தான் வலித்தது. கடைசியில், பலகை மாதிரி விறைத்து நின்ற ஒரு தோல் பூட்ஸைக் காட்டி, "சரி, இதையே குடுங்க" என்றாள்.

"பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து மலையேறிப் போய் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் மாமியார்.

அந்த வீட்டில் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், பாதத்தின் அளவு. வாசலில் கிடக்கும் செருப்பை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மற்றதிலெல்லாம் ஏட்டிக்குப் போட்டி.

ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. மாமியார் நொண்டத் தொடங்கினாள்.

"கால்ல என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லை."

"வாங்க, எங்க ஆஸ்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம். நான்தானே எடுக்கப் போறேன்."

"எக்ஸ்ரேவும் வேணாம், ஒண்ணும் வேணாம். தானா சரியாயிடும்," என்று புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

மருமகளுக்குப் புரியவில்லை. தினம் ஊரில் உள்ளவர்கள் கால்களையெல்லாம் படம் பிடிப்பவளுக்கு வீட்டுக் காலைப் பார்க்க அனுமதி இல்லை. காலையில் ஓரளவு நன்றாக நடக்கும் மாமியார், அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக அதிகம் நொண்டினாள்.

புதன்கிழமை கணவன் மெல்ல ஆரம்பித்தான். "அம்மாவால நடக்க முடியலை. பயணத்தைத் தள்ளிப் போடேன்."

ஓகோ, கதை அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டாள். போகாதே என்று நேராகச் சொன்னால் பொல்லாப்பு. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மகன் சொல்வான். எத்தனை வருஷம் அடக்கிவைத்த ஆசை இது, அதை ஒரு நொண்டல் நாடகம் முடித்துவைப்பதா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை, மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்து பூட்ஸை மாட்டினாள்.

கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கணுக்கால் பக்கம் தோல் தானாக மடிந்தது. முன்பக்கம் சுருக்கங்கள். கடையில் பலகையாக நின்றது இதுதானா? கழற்றிப் புரட்டிப் பார்த்தாள். அளவும் சரி, நிறமும் சரி. ஒன்றும் விளங்கவில்லை. கடைக்குப் போன் செய்தாள்.

"யாரோ போட்டுக் கழட்டினதை என் தலையில கட்டிட்டீங்களா?"

"மேடம், உங்க கண்ணு முன்னாலதானே புதுப் பெட்டியைப் பிரிச்சேன்?"

"அப்புறம் எப்படி இப்படிக் குழைஞ்சு கிடக்கு?"

"எனக்கும் புரியலை மேடம். எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."

இதற்கு மேல் அவளுக்குத் தெம்பில்லை. வீட்டிலும் நாடகம், கடையிலும் ஏமாற்று. கணவனிடம் போய், "நான் போகலை. உங்க அம்மாவைச் சந்தோஷமா இருக்கச் சொல்லுங்க" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியை எங்கே எடுத்துட்டுப் போறே?"

"திருப்பிக் குடுக்க. பழசை வித்து ஏமாத்திட்டான். வழி விடுங்க."

மாமியார் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் புடவை விலகியது. வலது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. இடது குதிகாலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

மருமகள் குனிந்து பார்த்தாள்.

பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மாமியார் சொன்னாள்: "இன்னொண்ணு வாங்கிட்டு வந்தா, திரும்பவும் முதல்லேர்ந்து போட்டு நடக்க என்னால ஆகாதும்மா. வலது கால் நல்லாப் பழகிடுச்சு. இடதுதான் இன்னும் கடிக்குது. நாளைக்கு ஒரு நாள் குடு."