வேலிக்குக் கட்டம் இல்லை

பதினோரு ஆண்டுகளாக மான்களுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டி, எந்த இடம் அவற்றுக்குப் பிடிக்கிறது என்று கணக்கெடுத்தவள் நஞ்சி. போன வருடம், காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டுக் காலனியில் குடிவைக்கப்பட்ட அவளுடைய ஊர்ச்சனத்தின் கணுக்காலிலும் வனத்துறை அதே பட்டையை மாட்டியது. இன்று முடிவு வந்துவிட்டது.

"தொண்ணூத்தாறு சதவீத நேரம் காலனியிலதான் இருந்திருக்கீங்க. உங்களுக்குப் புடிச்ச எடம் இதுதான். காட்டைத் திருப்பிக் கேட்ட மனு தள்ளுபடி," என்றார் வன அலுவலர் ஜெரால்டு.

"மான் போக முடியாத எடத்தை வச்சு, அதுக்குப் புடிக்கலைன்னு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எங்களைச் சுத்திக் கம்பி வேலி போட்டிருக்கீங்களே, அதை எங்க எழுதினீங்க?"

ஜெரால்டு கணினித் திரையைத் தடவினார். "மனுசங்க படிவத்துல வேலிக்குக் கட்டம் இல்ல, நஞ்சி."

நஞ்சி விறுவிறுவென்று வேலிக்கு நடந்தாள். சிகிச்சை முடிந்த மான்களைக் காட்டுக்குள் விடுவதற்காக அவளிடம் கொடுத்திருந்த சாவி இடுப்பில் இருந்தது. வேலிக் கதவை அகலத் திறந்துவிட்டுக் காட்டுக்குள் கால் வைத்தாள். பின்னாலேயே மொத்தக் காலனியும் கிளம்பி வந்தது.

"பட்டையை அறுத்து எறிஞ்சிரலாமா அக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ஒருத்தரும் கழட்டாதீங்க," என்றாள் நஞ்சி. "நல்லா எண்ணட்டும்."