கறுப்புப் பூச்சு

பெரியவர் விட்ட அறையில் கோட்டிங்காரர் நிலைகுலைந்து ஓவன் கதவில் போய்ச் சாய்ந்தார். திருப்பி அடிக்கவில்லை, கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

அவருடைய மனைவிதான் கையிலிருந்த கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "வீடு புகுந்து அடிப்பீங்களா? வயசுக்கு மரியாதை கொடுத்து உள்ள விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"நீ தள்ளிக்கோம்மா. உன் புருஷன் பண்ணின காரியத்துக்கு இது கம்மி."

பெரியவருக்குப் பின்னால், ரேஸ் உடுப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த மகன், ஒரு பிஸ்டனைச் சமையல் மேடைமேல் ணங்கென்று வைத்தான். அதன் பக்கவாட்டில் கறுப்புப் பூச்சு, வெயிலில் உரிந்த தோல்போலச் சுருண்டு கிடந்தது.

கோட்டிங்காரர் போடும் அந்தப் பூச்சுதான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது. எண்ணெய் வற்றிப் போனாலும் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கும் பூச்சு. மணலைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, விரல் படாமல் துடைத்து, தலைமுடியைவிட மெல்லிசாகத் தெளித்து, ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பார். கேக் செய்யலாம் என்று ஆசைப்பட்டு அவள் வாங்கிய ஓவன் அது. மூன்று வருஷமாக அதற்குள் எஞ்சின் சாமானைத் தவிர வேறெதுவும் போனதில்லை.

"காலையில வார்ம்-அப் பண்றப்பவே எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு," என்றான் மகன். "எல்லாரும் கோட்டுல போய் நிக்கிறாங்க. நான் ஸ்டாண்டுல நிக்கிற வண்டியை உதைச்சுக்கிட்டு நிக்கிறேன். பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. யார் சொல்லிய்யா இதைப் பண்ணே? எனக்குப் போட்டியா ஓட்டுற அந்தப் பச்சை வண்டிக்காரனா?"

கோட்டிங்காரர் அடித்து வைத்த ஆணிபோல நின்றார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு திருகாணி குறைந்தால்கூடத் திரும்பிப் போய்ச் சண்டை போடுகிற மனிதர். ஓவனில் சாமான் இருந்தால் முக்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவார். வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போகமாட்டார். அவருக்கா கை தவறும்?

"ஏங்க, வாயைத் திறங்களேன். இத்தனை வருஷத்துல உங்க பூச்சு உரிஞ்சதுன்னு ஒருத்தன் வந்திருக்கானா? இவங்க எந்தக் கழிசடை எண்ணெயை ஊத்தினாங்களோ, பழி மட்டும் நம்ம தலையில."

"என் வேலையிலதான் தப்பு," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.



"கேட்டியா? அவன் வாயாலயே வந்துடுச்சு," பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். "ஒரு மணி நேரம் சூட்டுல இருக்க வேண்டியதைக் கால் மணி நேரத்துல உருவிட்டான். சூடான எண்ணெய் பட்டதும் ஊறி, உரிஞ்சு, சிக்கிக்கிச்சு. பெரிய நிபுணர்னு இவன் காலடியில கொண்டுவந்து கொட்டினோமே, நம்ம புத்தியைச் சொல்லணும்."

மேடைமேல் இருந்த கைபேசி அடித்தது. கணவர் அசையாததால் அவளே எடுத்தாள். கடைத்தெருப் பட்டறைக்காரர். "என் சாமானை இன்னும் தொடலைன்னா அப்படியே வெச்சிருக்கச் சொல்லும்மா. ஆள் அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அவள் முகத்தைப் பார்த்தே மகனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அதுக்குள்ள பரவிடுச்சா? நல்லது. மிச்சப் பட்டறைக்கெல்லாம் நானே ஏறி இறங்கிச் சொல்றேன். இனிமே ஒரு சைக்கிள்காரன்கூட இந்த வாசப்படியை மிதிக்க மாட்டான்."

"உன் நாக்கு அழுகிப் போகும்," என்றாள் அவள். அப்படிப்பட்ட வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவளே நினைத்ததில்லை.

அவன் பிஸ்டனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினான். ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை போலும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் அதைப் பிடித்தபடியே நின்று, பிறகு நடந்தான்.

"நீ கார்ல போய் உட்காரு. எனக்கு இவன்கிட்ட இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு," என்றார் பெரியவர். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" அவள் கரண்டியை ஓங்கிவிட்டாள். "இன்னொரு தடவை அவர்மேல கை வெச்சா, பெரியவர்னு பார்க்க மாட்டேன்."

பெரியவர் திரும்பினார். சற்றுமுன் வரை அந்த முகத்தில் இருந்த ஆங்காரத்தைக் காணவில்லை.

"உங்க மகன் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கிட்டாரா?" கோட்டிங்காரர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்குக் காலையில சேர்க்கிறேன். ரேஸ் முடியட்டும், ரேஸ் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே இருந்தான். இனிமே தள்ள என்ன இருக்கு?" பெரியவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, இன்னொரு தடவை விழுந்தா ஆள் மிஞ்ச மாட்டான்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னார். வண்டி ஏறாதேன்னு நான் காலைப் பிடிக்காத குறை. கேட்டானா?"

ஓங்கிய கரண்டியை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியவர் கோட்டிங்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான் கெஞ்சினேன்னு அரைகுறையாச் சுட்டுக் கொடுத்து, உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்களே தம்பி."