பாலத்தடியில் இரண்டு டிகிரி

பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் திருடி மாதிரி குனிந்து நின்றுகொண்டிருந்தாள் அறிவியல் ஆசிரியை.

வழியில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். காதுத் தோடு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தாள். இரண்டு காதிலும் தோடு பளிச்சென்று இருந்தது. மனிதர் நல்லவர், நம்பியது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கீழே, ஓடையோரப் பாறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அவளுடைய வகுப்பு மாணவர்கள். ஒருத்தி அவள் பெற்ற மகள். மற்றவன் அவளுடைய கணவரின் மகன்.

பெரியவர்கள் இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே வந்து ஒரு வருடம் ஆகிறது. பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதற்குப் பழி வாங்குவது போல, அந்த இரண்டும் இன்றுவரை ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசியதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அவள்தான் நடுவில் தூது போக வேண்டும்.

இந்த வீடு ஒட்டாமலே போய்விடுமோ என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒட்டாத வீட்டில் பெரியவர்கள் மட்டும் எவ்வளவு காலம் சிரித்துச் சமாளிப்பது?

அதனால்தான் ஓடைத் தண்ணீரைச் சோதிக்கும் வேலைக்கு மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது, கொஞ்சம் தில்லுமுல்லு செய்து இவர்களை ஜோடியாகப் போட்டாள். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பாட்டிலையும் தெர்மாமீட்டரையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடையின் ஐந்து இடங்களில் அளவு எடுக்க வேண்டும். சரியாக இருக்கும் இடத்தை ஒரு மாதத்தில் விட்டுவிடலாம். சந்தேகமான இடத்தை மட்டும் காரணம் தெரியும்வரை அளக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நான்கு இடங்களில் வேலை முடிந்துவிட்டது. இவர்கள் பங்குக்கு வந்த பாலத்தடியில் மட்டும் தண்ணீர் இரண்டு டிகிரி கூடுதல் சூடு. வாரம் தவறாமல் அதே கதை.

ஓடைத் தண்ணீர் தானாகச் சூடாகாது. யாரோ வெந்நீரைத் திறந்துவிடுகிறார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஓடை வரும் திசையில், பாலத்துக்குச் சற்று மேலே ஒரு லாண்டரி இருந்தது. அதன் முதலாளி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நகராட்சிக்கு எழுதிய புகார் இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பதுங்கல்.

பார்த்தால், இரண்டும் பேசிக்கொண்டிருந்தன.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. மகள் எழுந்து நின்று, இல்லாத மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, யாரையோ போல முறைத்துக் காட்டினாள். யாரென்று ஆசிரியைக்கு நன்றாகவே புரிந்தது. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் அவன் கன்னத்தில் குழி விழும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

தண்ணீர் பாட்டில் அவர்கள் பக்கத்தில், சுள்ளென்ற வெயிலில் கிடந்தது.

அட, இவ்வளவுதானா. தண்ணீர் எடுத்த கையோடு சூட்டைப் பார்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இதுகள் பேச்சு சுவாரசியத்தில் பாட்டிலை மறந்துவிடுகின்றன. பாவம், அந்த லாண்டரிக்காரரை அநியாயமாகச் சந்தேகப்பட்டாயிற்று.

இருவரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் பாட்டிலை எடுத்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பது போலப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"போதும்டா, எடுத்துடலாம். ரொம்ப சூடாயிட்டா சந்தேகம் வந்துடும்."

"கொஞ்சம் இரு. சரியான அளவு வந்துட்டா, இனிமே இங்க வர வேணாம்னு அம்மா சொல்லிடுவாங்க."

அம்மா என்றான். உங்க அம்மா என்று சொல்லவில்லை. வகுப்பில் மிஸ் என்றும், வீட்டில் எதுவுமே சொல்லாமல் 'இங்க பாருங்க' என்றும் ஒரு வருடத்தை ஓட்டிய பிள்ளை.

ஆசிரியை திறந்த வாயை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பால்காரர் மட்டும் திரும்பி வந்திருந்தால், தோடு போனதற்கா இவ்வளவு அழுகை என்று நினைத்திருப்பார்.

அவர்கள் போன பிறகு இறங்கிப் போய், ஓடைக்குள்ளேயே தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். மற்ற இடங்களில் எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது. அறிக்கையில் அந்த அளவையே எழுதிக்கொண்டாள். புகாரைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக லாண்டரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையாக அவளுடைய துப்பட்டாவை இலவசமாக இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அறிவித்தாள். பாலத்தடி விவகாரம் இன்னும் பிடிபடவில்லை, ஆகவே வருடம் முடிகிறவரை சனிக்கிழமைதோறும் அதே இரண்டு பேர்தான் போய் அளக்க வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் அலுத்துக்கொண்டார்கள். வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா என்று பையன் எழுந்து கேட்கவும் செய்தான். முடியவே முடியாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.

மழைக்காலம் வந்து வெயில் போய்விட்டால் இந்த இரண்டும் பாட்டிலை எப்படிச் சூடாக்கும் என்பதுதான் இப்போது அவளுக்கு இருக்கும் ஒரே கவலை.