கார்டைக் காணோம்

"கண்ணுக்கு முன்னாடி கார்டு உட்கார்ந்திருக்கு. உன் டிரைவர் 'கார்டைக் காணோம்'னு சொல்லுது. வெட்கமா இல்ல உனக்கு?"

முதலாளி பாலசந்திரன் போட்ட சத்தத்தில் குவெம்புநகர் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது.

பக்கத்து நாற்காலியில் நஞ்சுண்டசாமி. நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வைத்திருப்பவர். பாய்லர் சூட்டை அளக்கிற கார்டைக் கொடுத்து, அது கம்ப்யூட்டரில் வேலை செய்ய டிரைவர் என்கிற புரோகிராமை எழுதச் சொல்லியிருந்தார். ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதி ஆர்டரையும் தருவதாகப் பேச்சு.

உள்ளே செருகிய ஒவ்வொரு கார்டும், கேட்டால் தன் எண்ணைச் சொல்லும். அதை வைத்துத்தான் 'இது நம்ம கார்டு' என்று டிரைவர் அடையாளம் காண வேண்டும். அரிச்சுவடியே அதுதான்.

டிரைவரை எழுதிய சொர்ணலதா கொள்ளேகால் பக்கத்துப் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. படபடவென்று கீபோர்டைத் தட்டி எதையோ தேடினாள். சட்டென்று நிறுத்தினாள். பாலசந்திரனைப் பார்த்தாள். வந்தவரைப் பார்த்தாள்.

"என்ற தப்புதானுங்க சார். இப்பவே சரி பண்ணிடறனுங்க."

"பார்த்தீங்களா சார்? இதுகளை வெச்சுக்கிட்டுத்தான் மாரடிக்கிறேன். இந்தப் பொண்ணை நிரந்தரம் பண்றதையே யோசிக்கணும்."

அவள் தலை நிமிரவில்லை. எதையோ மாற்றி மறுபடி ஓட்டினாள். 'கார்டு தயார்' என்று வந்தது.

"ஹோக்லி பிடி சார், போகட்டும் விடுங்க, புதுப் பொண்ணு. திட்டாதீங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்ன நஞ்சுண்டசாமி, ஆர்டரை உறுதி செய்துவிட்டுக் கிளம்பினார்.

பாலசந்திரனுக்குச் சூடு தணியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டார்.

"மாதவ், பிரதிபா, இங்க வாங்க. இவ பண்ணின தப்பைப் பாருங்க. உங்களுக்கும் பாடமா இருக்கும்."

"வேண்டாமுங்க சார்." சொர்ணலதா கீபோர்டை விடவில்லை.

"இந்த வெட்கம் தப்பு பண்றப்போ இருந்திருக்கணும்."

அவரே கீபோர்டை இழுத்தார். டிரைவரின் பழைய வடிவத்தையும் புதியதையும் அடுத்தடுத்துத் திறந்தார். ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது. கார்டின் எண் இருக்கிற வரி.

பழைய வரியின் ஓரத்தில், அதை அடித்தவரின் பெயர் இருந்தது. பாலசந்திரன் அதை இரண்டு முறை படித்தார்.

"எங்க சார் தப்பு?" மாதவ் எட்டிப் பார்த்தான்.

சொர்ணலதா சட்டென்று மானிட்டரை அணைத்தாள்.

"ரெண்டு இலக்கத்தை மாத்தி அடிச்சுப்போட்டேன். அவ்வளவுதானுங்க. போய்ச் சாப்பிடுங்க."

சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். நடுத்தெருவில் வேட்டி நழுவியவன் மாதிரி நின்றார் பாலசந்திரன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"நில்லுங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "எல்லாரும் நில்லுங்கப்பா!"

போனை எடுத்து நஞ்சன்கூட்டுக்கு டயல் செய்தார்.

சொர்ணலதா பதறினாள். "வேண்டாமுங்க சார்! உங்களை நம்பிக் கொடுத்த ஆர்டர், கைவிட்டுப் போயிருமுங்க."

அவர் நிறுத்தவில்லை.

"நஞ்சுண்டசாமி சாரா? பாலசந்திரன் பேசறேன். காலையில உங்க முன்னால ஒரு பொண்ணைத் திட்டினேனே சார்... அந்தக் கார்டு எண்ணைத் தப்பா அடிச்ச கை என்னோடது."