தூணில் இறங்கியவள்

இரும்புத் தூண்களை நிறுத்தி, போல்ட் முடுக்கி, இருபதே நாளில் மாமியார் பவளத்துக்கு வீடு எழுப்பிக் கொடுத்திருந்தான் தணிகாசலம். எர்த் கம்பி மட்டும் பாக்கி. நாளைக்குப் போடலாம் என்று விட்டது மறந்தே போனது. குளித்த ஈரக்கையோடு நடுத்தூணைத் தொட்டுக் கும்பிட்ட பவளத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஆத்தா வந்து இறங்கிட்டா மாப்ளே!" மஞ்சள் பூசினாள், பூ வைத்தாள். தெருவே வந்து தொட்டுச் சிலிர்த்தது. கரண்ட் கசிகிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்? மாசமாயிருந்த அவன் மனைவியையும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தொடச் சொன்னாள் பவளம். மாமியார் பூ வாங்கப் போன நேரத்தில், கொல்லையில் அவசரமாகக் குழி தோண்டிக் கம்பியைப் புதைத்தான். திரும்பி வந்தவள் கை கழுவிவிட்டுத் தூணைத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள். பிறகு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டா மாப்ளே. இந்த வீட்ல யாரு என்ன தப்புப் பண்ணாங்களோ!" தணிகாசலம் மண் ஒட்டிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.