வெங்காயக்காரனும் மீன்காரியும்

"ஓய் வெங்காயம், கொஞ்சம் தள்ளி நில்லு. உன் காத்து பட்டா என் மீனெல்லாம் வெங்காய வாடை அடிக்கும்."

வறுவல் சட்டிக்குப் பின்னாலிருந்து ஞெலேனி போட்ட போட்டில், மீன் வாங்க நின்ற வரிசையே சிரித்தது. நீலக் குல்லாய் வைத்த அந்த நெட்டையன் மட்டும் அசையவில்லை.

"ஆத்துலயே பொறந்து ஆத்துல குளிக்காத கூட்டம் நீங்க. முதல்ல உன் வாடையப் பாரு, மீன்காரி."

செகூ நகரத்து ஆற்றங்கரையில் இசைத் திருவிழா தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெப்பத்தின் மேல் போட்ட மேடையில் முரசு அதிர, கரையில் செம்மண் புழுதி பறந்தது. ஞெலேனிக்கு உடம்பெல்லாம் துள்ளியது. பாதி முரசினால், பாதி அந்த நெட்டையனால்.

மீன் பிடிக்கும் போசோ இனத்தவரும், மலைச்சரிவில் வெங்காயம் போடும் டோகோன் இனத்தவரும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் கிண்டலடித்து வாரிக்கொள்ளலாம். வாங்கிக் கட்டிக்கொண்டவர் சிரித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த உரிமை இல்லாத வெளியாள் அதே வார்த்தையைச் சொன்னால் கிண்டல் இல்லை, வசவு. மன்னிப்பு லேசில் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. என்னதான் உரிமை இருந்தாலும் போசோவும் டோகோனும் கல்யாணம் மட்டும் செய்துகொள்ளக் கூடாது. அது முன்னோர்கள் ரத்தத்தின் மேல் செய்த சத்தியம்.

நெட்டையன் தன் பெயர் புராமா என்றான். யாரைப் பார்த்தாலும் முதலில் குலப்பெயரைக் கேட்பது அந்த ஊர் வழக்கம். இவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மீன் சட்டியையும் டோகோன்கள் வைக்கும் நீலக் குல்லாயையும் பார்த்தபின் கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் சனிக்கிழமை அவன் மூன்று தடவை மீன் தின்ன வந்தான். மூன்றாவது தடவை, பசியே இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். சாயங்காலம் இருவரும் மேடைக்கு முன்னால் புழுதி கிளம்ப ஆடினார்கள். அறிவிப்பாளர் ஒரு திராவோரே. முரசடிப்பவர் ஒரு ஜாரா. அந்த இரண்டு குலங்களுக்கும் இதே போல வாருகிற உரிமை உண்டு. காராமணி தின்னி என்று ஒருவரையொருவர் சொல்லாவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது.

"காராமணி தின்னி, கையில தெம்பு இருக்கா, இன்னொரு சட்டி வேக வைக்கச் சொல்லவா?" என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"உன் அக்காவக் கட்டுனவன்டா நான். மச்சானுக்கு மரியாதை குடு," என்றார் முரசுக்காரர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட ஞெலேனிதான் அதிகம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் புராமாவின் நீலக் குல்லாயைப் பார்த்தாள். இவர்களுக்கு எவ்வளவு சுலபம், வாரிக்கொள்ளவும் செய்யலாம், கட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

கடைக்குச் சொந்தக்காரி அவள் தோழி கும்பா. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "நீ ஆரம்பிச்ச ஆட்டம்டி இது. நாளைக்குத் திருவிழா முடியுது. நீயே போய்ச் சொல்லித் தொலை," என்றாள்.

ஞாயிறு மாலை தெப்பத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். புராமா வந்தான். மீன் கேட்கவில்லை. குல்லாய்க் குஞ்சத்தைத் திருகிக்கொண்டே நின்றான்.

"நீ போசோவா பொறக்காம இருந்திருந்தா, இந்நேரம் பொண்ணு கேக்க எங்கம்மாவக் கூட்டிட்டு வந்திருப்பேன்," என்றான்.

உண்மையைச் சொன்னால் மூன்று நாள் கிண்டலும் வசவாகிவிடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான். ஞெலேனி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் போசோ இல்ல. இது கும்பா கடை. உன்கிட்டப் பேசணும்னு தோணுச்சு, வேற வழி தெரியல. உன் சாதி சனத்தையே வெங்காயம்னு சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. மெல்லக் குல்லாயைக் கழற்றினான்.

"இது இரவல். திருவிழாவுக்கு டோகோன் முகமூடி ஆட்டக்காரங்கள ஏத்திட்டு வந்த லாரி டிரைவர் நான். வெயிலுக்கு வச்சுக்கோன்னு குடுத்தாங்க. நீ வெங்காயம்னு கூப்பிட்டதும், டோகோன் இல்லன்னு சொன்னா அப்புறம் பேச மாட்டியேன்னு பயந்துட்டேன்."

கும்பா அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஞெலேனிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஆனாலும் இனி இவனை எந்த உரிமையில் வாருவது என்று மனசுக்குள் ஒரு சின்ன வருத்தம்.

"அப்போ உன் குலம் எது?" என்றான் அவன்.

"ஜாரா. ஞெலேனி ஜாரா."

புராமா அந்தக் குல்லாயை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தான்.

"எங்க திராவோரே வீட்டுக்கு வர்ற மருமகளுக்கு எங்கம்மா எத்தனை சட்டி வேக வைக்கணும்னு இப்பவே சொல்லிடு, காராமணி தின்னி."