தலைவர் வீட்டுக் கேமரா

சாயங்காலப் பனிமூட்டம் பண்டாரவளைப் புதுவீட்டின் கண்ணாடிகளில் ஒட்டிக் கிடக்கிறது. தான் மாலை வாங்கும் படத்தின் கீழே சாய்ந்தபடி, தொழிற்சங்கத் தலைவர் புவனேந்திரன் தோட்டத்துத் தொரையிடம் போனில் குழைகிறார்: "நாளைக்கு வேலைநிறுத்தம் நடக்காதுங்க. சனங்கள நான் பாத்துக்கிறேன்." சுவர்க் கேமரா மெல்லத் திரும்பி அவர் முகத்தில் நிற்கிறது. அவர் அதைத் தொடவேயில்லை. பால் காய்ச்சிய அன்று பூனாகலைத் தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருக்கும் சனங்களைக் கூட்டி, பாஸ்வேர்டைக்கூட உரக்கச் சொல்லி, கேமராவைப் போனிலிருந்தே இயக்கிக் காட்டியவர், பிறகு அந்தப் பாஸ்வேர்டை மாற்றவில்லை. போனைக் கையால் பொத்துகிறார். கேமராவுக்குள் கரகரப்பு, யாரோ இருமுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. பிறகு, கொழுந்தெடுக்கும் பாக்கியலெட்சுமியின் குரல் மரியாதையாகக் கேட்கிறது: "கொஞ்சம் சத்தமா பேசுங்க தலைவரே. லயத்துல பின்னால நிக்கிறவுங்களுக்குக் கேக்கலியாம்."